தேய்ந்த கல்லில் எழுந்த பெயர்

வியாழன், இரவு

இன்று என் ஆட்டோவில் வந்தவள் போர்ச்சுகல் நாட்டுக்காரி. கோட்டை, கலங்கரை விளக்கம் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு பழைய கல்லறைக்கல் உண்டு. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்கள் மிதித்து மிதித்து எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது. அதனால் நானே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறேன். போர்ச்சுகீசியக் கப்பல் தலைவனின் மகளாம், அலை இழுத்துப்போனதாம். பேர் கேட்டால் வாயில் வந்த என் மகள் பேரையே சொல்லிவிடுவேன். இசபெல்.

போர்ச்சுகல்காரி அந்தக் கல்லின் மேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தாள். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. பேரை நானே வாசித்தேன். இசபெல். மீதியை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒன்பது வயது. கடலில் இறந்தாள்.

மணியடிக்கிற மிக்கேல் அண்ணன் என்னையே பார்த்தார். "ஏலே, நீ சும்மா அடிச்சு விடுகேன்னுல்லா நெனச்சேன். ஒனக்கு இத ஆரு சொல்லித் தந்தா?"

"ஆரும் சொல்லலண்ணே."

கதையில் நான் வயது சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் இசபெல்லுக்கு ஒன்பது வயது ஆகிறது. "அப்பா, பொறந்தநாளுக்கு மாமாவுக்க வள்ளத்துல என்னைய கடலுக்குக் கூட்டிட்டுப் போவியளா?" என்று இன்று காலையில் கேட்டாள். சரி மக்களே என்றேன். அவள் நம்பவில்லை. தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள்.

பண்ணிவிட்டேன். அவள் தலையில்தான்.