இரவல் சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு முழு பல்செட், இரண்டு மேல்வரிசை. முன்னால் பல் மருத்துவமனை, மரத்தட்டிக்குப் பின்னால் எங்கள் பட்டறை. மனிதர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை; அவர்களுடைய வாய் மட்டும் பிளாஸ்டர் அச்சாக வந்து சேரும். பிடித்த வேலை. மெழுகில் பல் பதிக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

எங்கள் குடும்ப டாக்டர் தந்த விண்ணப்பம் பத்து நாளாகக் கைப்பையிலேயே இருக்கிறது. நான் அவரிடம் போனது களைப்புக்காக. "வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம் குளியலறையில விளக்கைப் போடாம உட்கார்ந்திருப்பேன்னு சொல்றீங்க. எத்தனை வருஷமா?" என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆட்டிசம் பெரியவர்களுக்கும் இருக்கும், பெண்களிடம் பல வருடம் கண்ணில் படாமலே போய்விடும், மதிப்பீடு செய்து பாருங்கள் என்றார். மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் என் இடம் அடுத்தவருக்கு. மறுபடி வரிசையில் நின்றால் இரண்டு வருடம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாப்பத்தி நாலு வயசுல அதெல்லாம் எதுக்கு? போன வாரம் என் ஆபீஸ்காரங்க வந்தப்ப மொத்த வீட்டையும் சிரிக்க வெச்சது யாரு? நீதானே?"

நான்தான். அதற்கு அடுத்த நாள் முழுக்க எனக்குப் பேச்சு வரவில்லை. தொண்டை கட்டு என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் என்னோடு வேலை செய்யும் அச்சு வார்ப்பவர் ஒரு கதை சொன்னார். யாரோ ஒருவர் கண்ணாடி டம்ளரில் இருந்த அண்ணனின் பல்செட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். "ஒரு வாரம் கழிச்சு அவர் பொண்டாட்டி வந்து சொல்லுதுக்கா, 'இந்தப் பல்லு வந்ததிலேருந்து மனுஷன் என்னைத் திட்டவே இல்ல, இதையே இருக்க விடுங்க'ன்னு." நான் சிரித்தேன். எப்போதும் போல: மூச்சை உள்ளே இழுத்து, மூன்று படி ஏறி, கடைசியில் "ஐயய்யோ" என்று இறங்கும் சிரிப்பு.

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று விழுந்தது.

கதவு திறந்தது. ஒரு வயதான அம்மா. வாயில் பல் இல்லை. அவருடைய உடைந்த பல்செட் என் மேசையில்தான் இருந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இப்ப யாரு சிரிச்சது?"

அச்சு வார்ப்பவர் என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார், என்னைத் தாண்டி யாரோ நிற்பது போல.

அப்போதுதான் நெற்றியை வைத்து அடையாளம் கண்டேன். சொடக்கின் அம்மா.

மார்ச் 6, வெள்ளி

இன்று பட்டறையில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. "பல் வலியாக்கா? நல்ல இடம் ஒண்ணு சொல்லட்டுமா?" என்கிறார் அச்சு வார்ப்பவர்.

மார்ச் 8, ஞாயிறு

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுத வேண்டும்.

சொடக்கு என் கல்லூரி விடுதி அறைத்தோழி. பேசும்போது விரலைச் சொடுக்கிக்கொண்டே பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் சிரித்தால் நடைவழியில் மூன்று கதவு திறக்கும், என்ன விஷயம் என்று கேட்பதற்கு. நான் சிரித்தால் — அப்போது நான் சிரித்தேனா? ஞாபகம் இல்லை. முதல் வருடம் எல்லோரும் என்னைத் "திமிர் பிடிச்சவ" என்றார்கள். அதனால் அவள் சிரிப்பைப் பழகினேன். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, மூன்று வாரம். பாடம் படிப்பது போலத்தான். நான்காவது வாரம் அந்த மூன்று கதவும் எனக்கும் திறந்தன.

அவள் ஒரு தடவை என்னை வினோதமாகப் பார்த்தாள். "ஏய், என்னை மாதிரியே சிரிக்கிறே?" ஒன்றாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்றேன். படிப்பு முடிந்த அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சிரிப்பு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அது மட்டுமா? போனை எடுத்தால் "சொல்லுங்க, சொல்லுங்க" என்பது கல்லூரி நூலகரிடமிருந்து. கேட்கும்போது தலையைச் சாய்ப்பது இயற்பியல் ஆசிரியையிடமிருந்து. கோபம் என் நாத்தனாருடையது. அவருக்கே அது தெரியும் போலிருக்கிறது, என்னோடு சண்டைக்கு வரவே மாட்டார்.

மதியம் இருட்டுக் குளியலறையில் கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். நூலகரைக் கழற்றினேன், ஆசிரியையைக் கழற்றினேன். சொடக்கைக் கழற்றியதும் வாய் தானாகத் தொங்கியது. கண்ணாடியில் இருந்தது காலி செய்துவிட்டுப் போன வீடு. நான் கண் சிமிட்டிய பிறகு அது சிமிட்டிய மாதிரி இருந்தது. பிரமைதான். விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மதிப்பீட்டுக்குப் போனால் அவர்கள் தேடப்போவது இதைத்தானே? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடியில் யார் என்று. யாரும் இல்லையென்றால்?

மார்ச் 11, புதன்

நான்கு மணிக்கு மேல் சொடக்கின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மருத்துவமனையில் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"நீ அவ ரூம்ல இருந்த பொண்ணுதானே? ஒல்லியா, பேசாம இருப்பியே?"

"ஆமாம்மா."

"ஒரே ஒரு தடவை சிரிம்மா."

எதற்குச் சிரித்தேன்? மறுக்கத் தெரியவில்லை. என் திரட்டில் மறுப்பு இல்லை. யாரிடமிருந்தும் நான் அதை எடுக்கவில்லை. சிரித்தேன். கடைசி "ஐயய்யோ" வரை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 14, சனி

தினமும் நான்கு பத்துக்கு. நேற்றிலிருந்து "டீ" போட்டுப் பேசுகிறார். நான் "என்னம்மா" என்கிறேன் — சொடக்கு சொல்வது போல, இழுத்து. வேண்டுமென்று செய்யவில்லை. தானாக வருகிறது.

இன்று கேட்டார்: "இருமல் எப்படிடீ இருக்கு? மாத்திரையை முழுங்கினியா, ஜன்னல் வழியா போட்டியா?"

எனக்கு இருமல் இல்லை.

"முழுங்கிட்டேம்மா" என்றேன். போனை வைத்த பிறகு இருமினேன். இரண்டு தடவை.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "எல்லாரும்தான் யாரையாவது பார்த்துக் கத்துக்கிறாங்க. நான் என் வாத்தியார் மாதிரி கையெழுத்துப் போடறேன். அதுக்காக டாக்டர்கிட்டயா ஓடறேன்?"

"நீங்க கையெழுத்துப் போட்டு முடிச்சதும் ஒரு மணி நேரம் இருட்டுல உட்கார்றீங்களா?"

அவர் என்னை முதலில் பார்த்தது ஒரு அலுவலக மாடிப்படியில். பார்த்தது என்பதுகூடத் தப்பு. இரண்டு மாடி கீழே இருந்தார், சிரிப்பைக் கேட்டு ஏறி வந்தார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் அந்தக் கதையை.

மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னிக்கு மாடியில சிரிச்சது யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே எழுந்து போய்க் கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 21, சனி

விண்ணப்பத்தில்: "சிறு வயதில் உங்களை அறிந்தவர் ஒருவர்." அம்மாவும் அப்பாவும் இல்லை. அண்ணன் இருக்கிறான். அடுத்த பக்கம்: "உடன் வாழ்பவர் நிரப்ப வேண்டியது." அதை மேசையில் வைத்தேன். அதன் மேல் செய்தித்தாளை வைத்துவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணனோடு ஒரு மணி நேரம் பேசினேன். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டதும், "இப்ப எதுக்கு? ஏதாவது அவார்டு தர்றாங்களா?" என்றான். சொன்னேன். குரல் மாறிவிட்டது.

"பெரியம்மா விஷயம் ஞாபகம் இருக்கா உனக்கு?"

இல்லை. பெரியம்மா இடது காலை இழுத்து நடப்பார் என்பது மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று மாதம் படுத்திருந்து இறந்துபோனார். எனக்கு அப்போது ஆறு வயது.

"அவங்களை எடுத்துட்டுப் போன நாலாவது நாள், அம்மா அடுப்படியில நிக்கிறாங்க. நடைவழியில அந்தச் சத்தம். இழுத்து... வெச்சு. இழுத்து... வெச்சு. அம்மா கையில இருந்ததைப் போட்டுட்டு அலறினாங்க. பார்த்தா நீ. பெரியம்மா மாதிரியே செவுத்தைப் பிடிச்சிட்டு நடந்து வர்றே. அம்மா அறைஞ்சாங்க. நீ அழக்கூட இல்ல. ரெண்டு மாசம் அப்படித்தான் நடந்தே. அப்புறம் நிறுத்திட்டே. அதுக்கப்புறம் உயிரோட இருக்கறவங்க மாதிரி மட்டும்தான் செஞ்சு காட்டுவே."

இருவரும் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பு சொடக்குடையது. பாதியில் நிறுத்தினேன்.

"அண்ணா, யாரையும் செய்யாதப்ப நான் எப்படி இருந்தேன்?"

யோசித்தான். "கொடியில ஈரத்துணி போட்டா, அதுக்குக் கீழ கையை நீட்டிட்டு நிப்பே. சொட்டுச் சொட்டா உள்ளங்கையில விழும். அரை மணி, ஒரு மணி. கூப்பிட்டா திரும்ப மாட்டே. யாரோ கதவைச் சாத்திட்டு உள்ளே இருக்கற மாதிரி இருக்கும்."

"உள்ளே ஆள் இருந்ததா?"

"என்னடீ கேள்வி இது? இருந்துச்சு. நான்தான் தினமும் பார்த்தேனே. நல்லா நிம்மதியா இருந்துச்சு."

மார்ச் 27, வெள்ளி

பல்செட் தயார். வாங்கிப் போக சொடக்கின் அம்மாவே வந்தார். நான்கு பத்துக்கு. தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். பல் வைத்ததும் சொடக்கின் வாய் அந்த முகத்தில் வந்துவிட்டது. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன்.

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். "அம்மா, அந்தச் சிரிப்பு என்னோடது இல்ல. உங்க பொண்ணைப் பார்த்துப் பழகினது. அவ இருந்தப்பவே எடுத்துட்டேன். கேட்காம."

"எனக்குத் தெரியாதா?" புதுப் பல் தட்டியது, நாக்கால் சரிசெய்துகொண்டார். "அவ சிரிப்பு என் காதுல அப்படியே இருக்கு, இருபத்திரண்டு வயசுல நின்னு போச்சு. நீ அதை வெச்சிருந்து வயசாக்கியிருக்கே. கொஞ்சம் கரகரப்பு, முன்ன மாதிரி மூச்சு நிக்கல. நாப்பது வயசுல எப்படிச் சிரிப்பான்னுதான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

மெழுகு உருக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

மதிப்பீட்டைப் பற்றிச் சொன்னேன். இனிமேல் அப்படிச் சிரிக்க முடியுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"டாக்டருங்க அதை எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. இன்னதுன்னு பேர் மட்டும் சொல்லுவாங்க."

"அப்ப போயிட்டு வா. நான் கேட்க வேண்டியது கேட்டாச்சு. தினமும் உன்னைச் சிரிக்கச் சொன்னது தப்புதான். போனை வெச்சதும் உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்கல."

எழுந்தார். கதவருகே திரும்பி, முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீ எப்படிச் சிரிப்பே?"

தெரியாது என்றேன்.

மார்ச் 30, திங்கள்

காலையில் மேசையில் விண்ணப்பம் இருந்தது, செய்தித்தாளுக்கு மேலே. வீட்டுக்காரர் தன் பக்கத்தை நிரப்பியிருந்தார். "மகிழ்ச்சியை எப்படி வெளிப்படுத்துவார்?" என்ற இடத்தில்: "இருபது வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கும் தெரிய வேண்டும்."

தபாலில் சேர்த்தேன்.

மே 6, புதன்

மதிப்பீடு. வெள்ளை அறை, இரண்டு நாற்காலி, கடிகாரம் இல்லை. பரிசோதிக்கும் பெண் என்னைவிடச் சின்னவர். நான் தலையைச் சாய்த்தேன், "சொல்லுங்க, சொல்லுங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அண்ணனோடு ஏற்கெனவே போனில் பேசியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில், "இங்க யாரையும் கவனிச்சுக்க வேண்டாம். என்னைக்கூட" என்றார்.

விட்டுவிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து போவது போல இருந்தது. கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்டது. கைகள் மடியில் யாருடையவோ போல கிடந்தன. கத்தலாம் என்று தோன்றியது. அப்புறம் அந்தக் கைகள் ஒன்றையொன்று தேய்க்க ஆரம்பித்தன, மெதுவாக, ஒரே சீராக. நான் சொல்லிக்கொடுக்காதது. யாரிடமும் பார்க்காதது. அந்த அறையில் என் நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு என்னைப் பார்த்து எந்தப் பயமும் இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

மே 20, புதன்

கடிதம் வந்தது. ஆம் என்கிறது. இரண்டு தடவை படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு கீழ்வரிசை முடித்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

மதியம், குடியிருப்போர் சங்கத்திலிருந்து கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதம். "மொட்டை மாடியில் காற்று வாங்குவோர் இரண்டு நாள் முன்னதாகச் செயலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். காற்று இல்லாத நாட்களுக்கு அனுமதி ரத்து." கூடத்தில் உட்கார்ந்து படித்தேன்.

உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர் துண்டோடு வந்தார். வாசல் கதவைப் பார்த்தார். பால்கனியை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலையே."

"இல்ல, இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. தாழ்ப்பாள் மாதிரி, கட்டையா, ரெண்டு தடவை. யாரோ..."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நான்தான்" என்றேன்.

என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு? படி."

சத்தமாகப் படித்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை; நானும் வரவழைக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.