வெர்டெல் அம்மையாரின் கையொப்பம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, சிகாகோவிலிருந்து அர்லீதா பணிவுடன் எழுதுவது. தங்கள் ஜெபத்தால் நலமாயிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

எங்கள் அரசுக் குடியிருப்பைச் செப்பனிடும் ஒப்பந்ததாரர், இங்கு வசிப்பவர்களையும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு சேர்ந்த எனக்கு வருகைப் பதிவேடு பொறுப்பு. ஒரு வேடிக்கை கேளுங்கள். பிப்ரவரியில் காலமான மாடிவீட்டு வெர்டெல் அம்மையாரின் கையொப்பம், தினமும் நான் ஏட்டைத் திறக்கும்போதே மை காயாமல் இருக்கிறது; அவர் பெயரில் கூலியும் தவறாமல் போகிறது.

"செத்தவங்க எப்படி சார் வேலைக்கு வர்றாங்க?" என்றேன்.

"உனக்கு முன்னாடியே வந்துடறாங்களே தாயி!" என்று சிரித்தார் மேஸ்திரி.

வெர்டெலின் மகள் ஓபல், வேலை கேட்டுக் குளிரில் வாசலில் நிற்கிறாள்; குடியிருப்பவர்களுக்கான இடம் நிரம்பிவிட்டதாம். இன்று ஏட்டில் வெர்டெல் அம்மையாரின் பெயரை அடித்துவிட்டு, கீழே ஓபலின் பெயரை எழுதினேன்.

மேஸ்திரி அழைக்கிறார், முடிக்கிறேன். அப்பாவின் கம்பளிக் கையுறைகளை அனுப்பிவையுங்கள். நாளை முதல் நானும் வாசலில் நிற்க நேரலாம்.

தங்கள் மகள்,
அர்லீதா