முந்தானை குறைந்த பச்சைச் சேலை

இன்று காலை மறுபடியும் வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போர் நடக்கும் ஊரின் படம் ஒன்றைப் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பிறகு, பழைய துணி சேர்த்து அனுப்பலாம் என்று ஒரு தீர்மானம். துணி சேரும் இடம் டீச்சர் வீடு. பெரம்பலூரில் துணி மூட்டை என்றால் என் வீடுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எல்லாம் நீ ஆரம்பித்து வைத்தது.

நீ கேட்டது என்னவோ இரண்டே பெட்டிக்குத்தான். சூடான் எல்லையில் அகதி முகாம் ஆஸ்பத்திரியில் உனக்கு நர்ஸ் வேலை. ஏலாக்குறிச்சிக்கு லீவில் வருகிறேன், திரும்பும்போது கொண்டுபோகப் பருத்திச் சேலை மட்டும் சேர்த்து வை, பிள்ளை பெற்றவளுக்கு உடுத்தவும் பிள்ளையைச் சுற்றவும் ஆகும் என்று போனில் சொன்னாய். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், தெருவில் சொன்னேன். ஒன்பது மூட்டை சேர்ந்தது. அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய உன்னை, சிநேகிதி என்றும் பாராமல், நேரே மூட்டைகளுக்கு முன்னால் உட்கார வைத்தேன். நீ அசந்துபோவாய் என்ற அவசரத்தில் காபிகூடக் கொடுக்கவில்லை.

நீ அசரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வீசினாய். ஜரிகை கருத்த கல்யாணப் பட்டு. பள்ளிக்கூட முத்திரை குத்திய சட்டைகள். ஒரு மூட்டை முழுக்க ரவிக்கை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை தைத்துக்கொண்டவளுக்கே மறுவருஷம் பத்தாது, அதை அங்கே யாருக்குப் போடுவது என்று கேட்டாய். எல்லாரும் பீரோவைச் சுத்தம் பண்ணியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்றாய். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

கடைசி மூட்டையில்தான் உன் முகம் தெளிந்தது. ஆறு நூல் சேலைகள். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டவை. அதில் பச்சைச் சேலையை உதறி, இந்த நிறம் உனக்கு எடுப்பாக இருக்கும், ஒன்றை நீ வைத்துக்கொள் என்று என் தோளில் போட்டாய். நான் தேள் விழுந்ததுபோலத் துள்ளி அதைத் தட்டிவிட்டேன்.

யாருடையது என்று கேட்டாய். மாமியாருடையது, கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றேன். செத்தவர்கள் துணியை எங்கள் வீட்டில் யாரும் உடுத்துவதில்லை. திருமழபாடிக்குக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் விட்டுவிடுவோம். நல்ல சேலை ஆற்றோடு போகிறதே என்றுதான் மூட்டையில் வைத்தேன். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"செத்தவங்க துணியில எனக்கு ஒண்ணுமில்ல. அங்க பாதிப்பேரு அதத்தான் கட்டியிருக்காங்க. ஆனா ஒனக்கு ஆவாதது அவங்களுக்கு மட்டும் எப்புடிடீ ஆவும்?"

"நாங்க நிம்மதியா ஃபேன் காத்துல ஒக்காந்திருக்கறது ஒரு குத்தமா?" என்றேன்.

"குத்தம்னு யாரு சொன்னா. மொதல்ல ஃபேனப் போடு, வேர்க்குது."

உன்னிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான். ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போடவிட மாட்டாய். அன்று சாயங்காலம் குண்டு விழுந்த செய்தியைப் பார்த்துக்கொண்டே நான் தோசை தின்றபோது, ஒன்று சாப்பிடு, இல்லாவிட்டால் பார் என்று டிவியை அணைத்தாய். இன்றுவரை செய்தி நேரத்தில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால் அங்கே ஒரு துப்பாக்கியாவது ஓய்ந்ததா, சொல்.

ஆறு சேலைகளையும் கொண்டுபோனாய். போன வருஷம் காய்ச்சலோடு ஊருக்கு வந்தவள், நான் பார்க்க வருவதற்குள் போய்ச் சேர்ந்தாய். எனக்கென்று நீ எடுத்து வைத்ததை உன் அக்கா ஓர் அட்டைப்பெட்டியில் கொடுத்தனுப்பினார். திறந்தால் அதே பச்சைச் சேலை. வெளுத்திருந்தது. முந்தானைப் பக்கம் இரண்டு முழம் கிழித்தெடுத்திருந்தது. மிச்சத்தை நீயே உடுத்தியிருக்கிறாய், மருந்து வாசனை போகவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. போன பிறகும் என்னைச் சீண்டுகிறாளே என்று எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? பெட்டியைக் கட்டிக்கொண்டு அழவும் அழுதேன்.

பல மாதம் அது பீரோவில் கிடந்தது. இப்போது வாரத்தில் ஒரு நாளாவது கட்டுகிறேன். இன்று காலையும் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டம்மா ஒரு பையோடு வந்தார். மாமனாருடைய வேட்டி சட்டை, புதுசு மாதிரியே இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அங்க யாருக்கு டீச்சர் தெரியப்போவுது?"

வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்திருக்கலாம். "நான் கட்டியிருக்கறதும் செத்தவங்களுதுதாங்க. ரெண்டு பேரு கட்டுனது" என்றேன். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பார்த்தாயா, நல்ல வேட்டி போயிற்று. உன்னால் வந்த வினை. நீயாக இருந்தால் முதலில் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அப்புறம் திட்டியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. இப்போது வெட்கத்தை விட்டு அந்தப் பையைக் கேட்டு வாங்க எதிர்வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

முந்தானை தோளில் நிற்காமல் நழுவுகிறது. இழுத்து இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அந்த இரண்டு முழத்தை எந்தப் பிள்ளைக்குச் சுற்றினாய் என்று சொல்லாமலே போய்விட்டாய். அந்தப் பிள்ளை உயிரோடிருந்தால் இந்நேரம் நடக்கும்.