ஓரம் வெட்டிய அகராதி

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் மைதாப் பசை வாசனை அடித்தது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்களே, அந்தக் கசந்த நெடி. உன் எபிரேய அகராதியிலிருந்துதான் வருகிறது. அதைக் கட்டி மூன்று வருடம் ஆகியும் நெடி போகவில்லை. நீ இருந்தால் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னாடா, பைண்டர் கடையவே வூட்டுக்குக் கொண்டாந்துட்டியா" என்று கேட்டிருப்பாய். நீ போய் ஒரு வருடம் ஏழு மாதம். இதை உன்னிடம் நேரில் சொல்லி அழுதிருக்க வேண்டும். நீ இருந்தபோது, நான் செய்து வைத்திருந்தது என்னவென்று எனக்கே தெரியாது.

அந்தப் புத்தகங்கள் நம்மிடம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து பிளாக்கில் ஓர் அதிகாரி ரிடையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். லாரியில் ஏறாத சாமான்களை வாசலில் வைத்துவிட்டுப் போவதும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வதும் நம் சுரங்க டவுன்ஷிப்பில் வழக்கம்தானே. நான் ஒரு நல்ல பிளாஸ்டிக் வாளியைப் பார்த்து எடுத்தேன். நீ மூன்று தடிப் புத்தகங்களைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். ஒன்று பழங்காலக் கல்வெட்டுகளைப் பற்றியது. ஒன்று வேதாகம நாடுகளின் வரலாறு. மூன்றாவது, எபிரேயச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் இந்த அகராதி. "நெத்தியில திருநீறு இல்லாம வெளிய வரமாட்ட, உனக்கு இன்னாத்துக்குடா இது?" என்று கேட்டேன். "கல்லுல எழுதுனது யாருதா இருந்தா இன்னா? படிச்சிப் பாப்பமே" என்றாய்.

நீ சும்மா பார்க்கவில்லை, அதிலேயே விழுந்துவிட்டாய். முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை செய்தவரின் மகன், ஐ.டி.ஐ. ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எபிரேய எழுத்தை ஒவ்வொன்றாகப் பிடித்தாய். சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் நின்ற நேரமெல்லாம் உன் கையில் புத்தகம்தான். ஒருநாள் கேன்டீனில் எனக்கு ஒரு படத்தைக் காட்டினாய். எருசலேமில் தண்ணீர் கொண்டுவரப் பாறையைக் குடைந்த சுரங்கத்தின் சுவரில் வெட்டியிருந்த கல்வெட்டு. இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் தோண்டிக்கொண்டு வந்தார்களாம். நடுவில் கொஞ்சம் பாறை மிச்சமிருக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடுவது இந்தப் பக்கம் கேட்டதாம். உன் கண் கலங்கியிருந்தது. "ராசா பேரே இல்லடா இதுல. தோண்டுனவன் சேதிதான் இருக்குது. நம்ம சேதிய எவன்டா எழுதி வெச்சான்?" எங்கள் கம்மாபுரத்து நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதால் வேலைக்கு வந்தவன் நான். அந்தச் சேதியும் எங்கேயும் எழுதியில்லை.

அந்தக் கல்வெட்டில் சில எழுத்துகள் உடைந்துபோயிருந்தன. அங்கே வெறும் சதுர அடைப்புக்குறி போட்டிருந்ததைப் பார்த்து, "தோராயமா எதையாவது எழுதிட வேண்டியதுதானே" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். நமக்குப் புடிச்சத அங்க எழுதுனா அது அவன் பேச்சு இல்ல, நம்ம பேச்சு." அதற்குள் நான் மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே. பழுப்பு நிலக்கரித் தூளோடு பிழைப்பவனுக்கு அழுக்கு கண்ணில் பட்டால் ஆகாது. "வுட்டா நீ மைன்ஸையே தொடைச்சி வெப்படா" என்று கிண்டல் செய்வாய்.

உன் பணி ஓய்வு வந்தது. எல்லோரும் சால்வையும் சுவர்க்கடிகாரமும் வாங்கினார்கள். நான் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று எனக்குள் ஒரே பெருமை. அகராதியின் முதுகு பிய்ந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு வாரம் குடுடா, நானும் கொஞ்சம் பாக்கறேன்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. இத்தனை வருடம் கழித்து எனக்கும் ஆசை வந்துவிட்டதென்று நினைத்தாய். துண்டில் சுற்றிக் கொடுத்து, "ஓரத்துல எழுதியிருக்கறதயும் சேத்துப் படி" என்றாய். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மந்தாரக்குப்பம் பைண்டர் கடையில்தான் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், அதன்மேல் கரிக் கைரேகை. பைண்டர் நல்ல மனிதர். "சார், ஓரத்துல எழுத்து இருக்குதுங்களே, லேசா வெட்டட்டுங்களா?" என்று கேட்கத்தான் செய்தார். "ஒரே அழுக்கா கெடக்குதுங்க. தாராளமா வெட்டிடுங்க, புதுசு மாதிரி இருக்கணும்" என்று சொன்னது நான். இந்த வாயால் சொன்னேன்.

பிரிவு விழாவில் வண்ணத்தாளைப் பிரித்தாய். சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை, முதுகில் பொன்னெழுத்து. ஒரு பக்கத்தைத் திருப்பினாய். இன்னொன்றைத் திருப்பினாய். கட்டைவிரலால் வெட்டிய விளிம்பை மெதுவாகத் தடவினாய். அதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா கட்டிக்கிறான்டா" என்றாய். என் தோளில் கை போட்டாய். நான் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அந்தப் போட்டோவை இப்போது பார்க்க முடியவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நீ முத்தாண்டிக்குப்பம் போன பிறகும் வாரம் ஒருமுறை வந்தேன். மழை, பலா விளைச்சல், என் மகளின் கல்யாணம் என்று எல்லாம் பேசினோம். அகராதியைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "சலிச்சிப்போச்சாடா?" என்று ஒருநாள் சீண்டினேன். "கண்ணு செரியா தெரியல" என்று சிரித்தாய். நானும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை பல் துலக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி இந்த அகராதியையும் ஒரு பிஸ்கட் டின்னையும் என் முன்னால் வைத்தாள். டின்னுக்குள் அரை விரல் அகலத்தில் காகிதக் கீற்றுகள், நூறுக்கு மேல் இருக்கும். "இது இன்னாம்மா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். "விழா முடிஞ்ச மறுநாளே பைண்டர் கடைக்கு ஓடினாருண்ணா. வெட்டுனதெல்லாம் பழைய பேப்பர்காரன் அள்ளிக்கினு போயிட்டானாம். கடையில கெடந்த காலி மூட்டையில ஒட்டிக்கினு இருந்தது இதுதான். தெனமும் பூதக்கண்ணாடி வெச்சிகினு, எந்தத் துண்டு எந்தப் பக்கம்னு சேத்துகினே ஒக்காந்திருப்பாரு. இங்கிலீஷ் தெரியாதவனும் நேரா தமிழ்லயே படிக்கறாப்பல அகராதி எழுதணும்னு இருபத்திரண்டு வருசமா ஓரத்துல சேத்துவெச்சது அம்புட்டும். 'அண்ணங்கிட்ட சொல்லுங்க'ன்னேன். 'அவன் ஆசையா செஞ்சிக்கிறான், சொன்னா ஒடைஞ்சிடுவான்'னுட்டாரு." நான் உன் வீட்டுக் கூடத்தில், அத்தனை பேர் இருக்கும்போது, வாய்விட்டு அழுதேன்.

ஏன்டா சொல்லவில்லை? நான்கு வார்த்தை திட்டியிருக்கலாமே. நான் வந்து உட்கார்ந்து கதை பேசிய நாளெல்லாம் அந்த டின் உள்ளறையில் இருந்திருக்கிறது. நான் போனதும் நீ எழுந்துபோய் மறுபடி அதைத் திறந்திருக்கிறாய். தெரிந்திருந்தால் நானும் கூட உட்கார்ந்து சேர்த்திருப்பேனே. உன் நல்ல மனசின்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்மேல் இருக்கும் கோபத்தைச் சொல்லி மாளாது.

இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன். எபிரேயம் எனக்குத் தெரியாது. உன் தமிழ்க் கையெழுத்து தெரியும், அது போதும். வலப்பக்கங்களில் வரியின் வால் இல்லை, இடப்பக்கங்களில் தலை இல்லை. நீ பதினேழு மாதத்தில் முப்பத்தொரு கீற்றுகளைச் சேர்த்திருந்தாய். நான் இதுவரை ஒன்பது. பென்சில் கலைந்துவிடுமென்று பக்கங்களைத் துடைப்பதில்லை. கரிக் கைரேகைகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றின்மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். உன்னுடையது பெரியது.

ஒரு பக்கத்தில் நீ பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறாய். அங்கே ஒரு சொல்லுக்குக் கீழே, ஓரம் வரை ஓடும் ஒரே வரி. 'கூட்டாளி. பாறைக்கு அந்தப் பக்கமிருந்து தோண்டிக்கொண்டு வருபவன். எனக்கு'. அதோடு வெட்டுப்பட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் எல்லாக் கீற்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. "வேற யாருண்ணா, உங்க பேருதான் இருந்திருக்கும்" என்கிறாள் உன் மனைவி.

உன் பென்சிலைச் சீவி, 'எனக்கு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி போட்டேன். தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், என் பெயரை எழுதக் கை போகிறது. எழுதாமல் மூடி வைக்கிறேன்.