பதிவேட்டு வயது

கறம்பக்குடி
4-6-1943

சொர்ணத்துக்கு ஆத்மநாதன் ஆசீர்வாதம்.

இங்கே நான், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுகம். நீயும் சேவுகனும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, எழுதுகிற பிள்ளைக்கு நேரம் கிடைத்திருக்காது. உன் அண்ணன் மகள் பிரகதாம்பாள் இப்போது ஐந்தாம் வகுப்பு அல்லவா? நீ சொல்வதைத் திருத்தாமல் சொன்னபடியே எழுதச் சொல். போன கடிதத்தை அவள் பாடப்புத்தகத் தமிழில் எழுதியிருந்தாள். அதில் உன் குரல் எங்குமே இல்லை.

குன்றாண்டார்கோவிலில் பள்ளிக்கூடம் திறந்திருப்பார்கள். எனக்குப் பின் வந்த தலைமையாசிரியர் ஆவுடையப்பன் வெள்ளிக்கிழமைதோறும் பிடியரிசி வாங்க ஆள் அனுப்புகிறாரா? உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தால் போதும் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்ன காலத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் சேர்ந்தன. பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சிக்கு அது போதுமாக இருந்தது. இப்போது யுத்தத்தில் அரிசியே கண்ணில் படவில்லை என்கிறார்கள். கேழ்வரகுக் கூழானாலும் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்.

உன் மகன் சேவுகன் விஷயம். எட்டாவது தேறிய பிள்ளை இன்னும் எத்தனை நாள் கல் உடைப்பான்? புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு ஓர் இடம் கேட்டு எழுதியிருந்தேன். சாப்பாடு அவர்களே போடுவார்கள். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டுமாம். பள்ளிக் கணக்கில் இந்த மாதத்தோடு முடிகிறது. சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு இருபதாம் தேதிக்குள் போய்ப் பார்க்கச் சொல். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கேட்டேன், அவ்வளவே.

ஆத்மநாதன்


குன்றாண்டார்கோவில்
19-6-1943

வாத்தியாரய்யாவுக்கு சொர்ணம் கும்புட்டுச் சொல்ல, பிரகதாம்பாள் எழுதுவது. சொன்னபடியே எழுதுகிறேன் ஐயா.

ஐயா, சேவுகன் சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டுப் போனான். புதுக்கோட்டைக்குன்னுதான் சொல்லிட்டுப் போனான். போனவன் திருச்சிக்குப் போயி பட்டாளத்துல சேந்துட்டான். பக்கத்து வீட்டு மூக்கன் மகனும் கூடப் போயிருக்கான். அவங்கிட்ட காயிதம் ஒண்ணும் இல்ல, மீசை மொளைக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இவனையும் ஒரு ஆபீசரு எளசா இருக்கானேன்னு பாத்தானாம். இவன் சர்ட்டிபிகேட்டை நீட்டிருக்கான். அதுல பதினெட்டுன்னு இருக்கு. எடுத்துக்கிட்டாங்க. இப்ப பெங்களூர்ல இருக்கானாம். ஆறு மாசம் பழக்குவாங்களாம். அப்பறம் சண்டைக்கு.

அவனுக்குப் பதினாறுதான்யா. தை பொறந்தாத்தான் பதினேழு. ஒங்களுக்குத் தெரியாததா? அவுக செத்த வருசம் நான் இவனை இடுப்புல தூக்கிக்கிட்டு ஒங்க பள்ளிக்கொடத்துக்கு வந்தேன். மூணரை வயசு. பேரு இருக்குற பிள்ளைக்குத்தான் கஞ்சின்னு நீங்க சட்டம் வச்சிருந்தீங்க. தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடுறானான்னு பாத்தீங்க. எட்டல. நீங்களே அவன் தலையைச் சாச்சு, விரலை இழுத்துக் காதுல வச்சீங்க. எட்டிருச்சுன்னு சொல்லி அஞ்சு வயசுன்னு எழுதுனீங்க. அன்னைக்கு ஒங்க புண்ணியத்துல என் பிள்ளை உசிர் தப்புச்சு. நான் மறக்கல.

இப்ப நீங்க பட்டாளத்துக்கு ஒரே ஒரு கடுதாசி எழுதணும். அன்னைக்குக் கூட்டி எழுதுனது நாந்தான், உள்ளது பதினாறுன்னு. ஆவுடையப்பன் சார்கிட்ட போயிக் கேட்டேன். "பதிவேட்டுல இருக்கிறதுதான்மா வயசு. எழுதுனவரு வாயைத் தொறந்தாத்தான் உண்டு"ன்னு சொல்லிட்டாரு.

மூக்கன் வந்து, "ஒன் மகன் சம்பளக்காரன் ஆயிட்டான், நீ என்னத்துக்கு ஒப்பாரி வைக்கிற? அழுக வேண்டியது நானு"ங்குறான். அவனைத் தொடப்பத்தை எடுத்து வெரட்டிட்டேன்.

பள்ளிக்கொடத்துல அரிசி இல்ல. கூழுதான். அதுவும் திங்க, புதன், வெள்ளி.

சொர்ணம்


கறம்பக்குடி
28-6-1943

சொர்ணத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பயிற்சிக்குச் சர்ட்டிபிகேட் வாங்கச் சொன்னவனும் நான்தான்.

ஆனால் இதை முறைப்படி செய்ய வேண்டும். முறைப்படி செய்யாதது நிற்காது. முதலில் அவன் பிறந்த ஊரின் பிறப்புக் கணக்கிலிருந்து நகல் எடுக்க வேண்டும். அந்த வருடத்துப் புத்தகம் தாலுகா ஆபீசில் இருக்கலாம். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அது கிடைத்துவிட்டால் யார் பேரிலும் குற்றம் வராமல் வயதைத் திருத்திவிடலாம். நான் என் கைப்பட எழுதுவது என்பது வேறு விஷயம். அதற்குத் தேவை வராது என்று நம்புகிறேன்.

உன்னிடம் மறைப்பது சரியல்ல. வீட்டில் இதைச் சொன்னேன். மகன் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா வெளயாடுறீங்களா? சர்க்கார் பதிவேட்டுல பொய் எழுதுனேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா பென்ஷனை நிப்பாட்டிப்புடுவான். அப்பறம் இங்கிட்டு ஆறு வயிறும் என்ன பண்றது?" என்றான். அவன் சொல்வது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆறு மாதம் பழக்குவார்கள் என்கிறாய். அதற்குள் முடித்துவிடலாம். அவன் பிறந்தது தை மாதம்தான் என்பது நிச்சயம்தானே?

ஆத்மநாதன்


குன்றாண்டார்கோவில்
2-9-1943

வாத்தியாரய்யாவுக்கு சொர்ணம் சொல்லுறது.

தை மாசம்தான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநா. பேறு பாத்த அடைக்கலமேரி இன்னும் இருக்கு. எங்க வேணாலும் வந்து கைநாட்டு வைக்கிறேங்குது. "ஒன் மகன் தலை மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்கு மறக்குமாடி"ங்குது.

நீங்க கேட்ட கணக்கு இருக்காதுய்யா. அவன் பொறந்ததை அவுக போயி எழுதி வைக்கல. அந்த வருசம் ஊருல யாரும் எழுதல.

சேவுகன் கடுதாசி போட்டுருக்கான். ரெண்டு வேளையும் சோறு போடுறாங்களாம். பூட்சு பெருசா இருக்காம், துணியைச் சுருட்டி உள்ள வச்சிக்கிட்டு நடக்கிறானாம். கூட இருக்குறவங்க பாப்பான்னு கூப்புடுறாங்களாம். இதைப் படிச்சுச் சொல்லயில பிரகதாம்பா சிரிச்சுப்புட்டா. எனக்குச் சிரிப்பு வரல.

எப்படி எழுதணும்னு ரெண்டு பக்கம் எழுதுறீங்க. எழுத வேண்டியது ரெண்டு வரி. ஒங்களைக் கொறை சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா கேக்க வேற ஆளும் இல்ல.

சொர்ணம்

(அத்தை இதற்கு மேல் சொல்லவில்லை. — பிரகதாம்பாள்)


கறம்பக்குடி
20-10-1943

சொர்ணத்துக்கு,

தாலுகா ஆபீசிலிருந்து பதில் வந்தது. நீ சொன்னபடியே பதிவு இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். இங்கிலீஷில், ஒரு பக்கம். இரண்டாம் முறை வாசித்தபோது சில வார்த்தைகள் வேண்டாத அர்த்தம் தருவதாகப் பட்டது. திருத்தி எழுதினேன். அப்போது குளிர்காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுக்கை. எழுந்து பார்த்தால் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. புத்தி தடுமாறிய கிழவன் எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று அதையும் வைத்துவிட்டேன். தீபாவளி கழியட்டும்.

பஸ்ஸில் ஒரு டஜன் சிலேட்டு அனுப்பியிருக்கிறேன். பள்ளியில் சிலேட்டு இல்லாத பிள்ளைகளாகப் பார்த்துக் கொடுக்கும்படி ஆவுடையப்பனிடம் சொல். கொடுத்தவர்களின் பெயரை ஒரு தாளில் குறித்து வைத்தால் நல்லது.

என் பேரில் உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

ஆத்மநாதன்


குன்றாண்டார்கோவில்
9-1-1944

வாத்தியாரய்யாவுக்கு,

சேவுகனை ரயிலேத்திட்டாங்க. அசாமுன்னு ஒரு ஊராம். அதுக்கு அங்கிட்டுச் சப்பான்காரன் நிக்கிறானாம்.

கடுதாசி போட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

சொர்ணம்


கறம்பக்குடி
18-1-1944

சொர்ணத்துக்கு,

போட்டுவிட்டேன். நேற்று, பட்டாளத்து ஆபீசுக்கு, ரிஜிஸ்தர் தபாலில். ரசீது என் பெட்டியில் இருக்கிறது.

உன் கடிதம் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. புதிதாக ஒன்றும் எழுதவில்லை. அக்டோபரில் எழுதிய முதல் கடிதத்தையே எடுத்து, தேதியை மட்டும் மாற்றினேன். அதில் ஒரு தவறும் இருக்கவில்லை. 1930-ம் வருடம் ஜூன் மாதம் இந்தப் பையனின் வயதை ஒன்றரை வருடம் கூட்டி எழுதியவன் நான், தெரிந்தே எழுதினேன், அவன் பேரிலோ தாயார் பேரிலோ குற்றம் இல்லை. இவ்வளவுதான். தபால் ஆபீசுக்குப் போய்வர அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மகனிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனான்.

பிள்ளை வந்துவிடுவான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதத் துணிவில்லை. கிடைத்ததும் விசாரிப்பார்கள், விசாரித்தால் அனுப்பத்தான் வேண்டும்.

ஆத்மநாதன்


குன்றாண்டார்கோவில்
11-5-1944

வாத்தியாரய்யாவுக்கு சொர்ணம் சொல்லுறது.

சித்திரை பதினெட்டாந் தேதி தந்தி வந்துச்சு. இங்கிலீசுல இருந்துச்சு, எங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆவுடையப்பன் சார்கிட்ட கொண்டுபோனோம். அவரு படிச்சுட்டு, பிள்ளைகளை வெளிய போகச் சொன்னாரு. அதுலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு.

ஒடம்பு வராதாம். அங்கேயே அடக்கிட்டாங்களாம். அந்த ஊரு பேரைச் சாரு ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கு வாயில வரல.

என்னமோ பாரத்துல எழுதணும்னு ஒரு ஆள் வந்தாரு. மகனுக்கு வயசு என்னன்னாரு. பதினேழுன்னேன். அவரு கைல இருந்த தாளைப் பாத்துட்டு, "பத்தொம்பது நடக்குதும்மா, பெத்தவளுக்குத் தெரியலையே"ன்னு எழுதிக்கிட்டாரு.

ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அன்னைக்கு நீங்க எழுதலன்னா அப்பவே போயிருப்பான். அதை நெனைக்கிறேன். இத்தனை மாசம் எழுதாம இருந்தீங்களே, அதையும் நெனைக்கிறேன். ரெண்டையும் ஒண்ணா நெனைக்க முடியல. இனிமே கடுதாசி போடாதீங்க. பிரகதாம்பாவும் சின்னப் பிள்ளை. இதையெல்லாம் எழுதி எழுதி அதுக்கு மொகமே மாறிப்போச்சு.

சொர்ணம்


கறம்பக்குடி
26-7-1944

சொர்ணத்துக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இந்த ஒன்றோடு நிறுத்திவிடுகிறேன். பிரகதாம்பாளைக் கொண்டு வாசிக்க வேண்டாம், ஆவுடையப்பன் வாசிக்கட்டும். கேட்க மனமில்லை என்றால் அடுப்பில் போட்டுவிடு.

ஆனி மாதம் உன்னைப் பார்க்கப் புறப்பட்டேன். புதுக்கோட்டை வரை வந்தேன். குன்றாண்டார்கோவில் பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர், "எங்க பெரியவரே, யாரைப் பாக்கப் போறீங்க?" என்றான். நான் இறங்கிவிட்டேன்.

என் ரிஜிஸ்தர் கடிதத்துக்கு மே மாதக் கடைசியில் ஒரு சீட்டு வந்தது. அச்சடித்த சீட்டு. கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும் என்று இருந்தது. அதற்குப் பின் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. விசாரணை வரவில்லை. பென்ஷன் இந்த மாதமும் முதல் தேதியே வந்தது. ஏழு மாதம் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. மகன் அதைச் சொல்லி நிம்மதிப்பட்டான். நான் வெளியே எழுந்துபோய்விட்டேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. ஆவுடையப்பனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. நீ பள்ளியில் கூழ் காய்ச்சும் வேலையை ஏற்றுக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறார். உன் பேரில் புகாரும் எழுதியிருக்கிறார். அக்கா, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் நீ ஊற்றுகிறாயாம். பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகள் என்று சொன்னால், "பேரு எனக்குத் தெரியாது சாரு, வாயைத் தொறக்குது ஊத்துறேன்" என்கிறாயாம். இந்த விதியை உண்டாக்கியவர் நீங்கள், உங்கள் சொல்லைக் கேட்பாள், ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு அன்றைக்கே பதில் போட்டேன். உன்னைத் தடுக்க வேண்டாம் என்று எழுதினேன். ஒரே தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

சொர்ணம், பதினான்கு வருடத்துக்கு முன்பு நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது, பேனா இருந்த அதே மேஜைக்குப் பக்கத்தில்தான் கஞ்சிப் பானையும் இருந்தது. பெயர் இல்லாத பிள்ளைக்கு ஊற்றக் கூடாது. ஊற்ற வேண்டும் என்றால் பெயர் இருக்க வேண்டும். பெயர் எழுத வயது வேண்டும். எல்லாவற்றையும் நான் வரிசையாக யோசித்தேன். நல்லது செய்கிறோம் என்றும் நினைத்தேன். ஒன்றும் எழுதாமல் ஓர் அகப்பை ஊற்றியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

ஆத்மநாதன்