ராணி இல்லாத பெட்டி

ஆரையம்பதி
12.06.2005

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். சுனாமி முடிந்து மூன்றாம் வாரம், ஒரு வார்த்தை சொல்லாமல் கரடியனாற்றுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

நிவாரணத்துக்குத் தையல் மெசின் கேட்டு எழுதிக் கொடுத்தேன். தேனீப் பெட்டி ஒன்றைத் தந்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் என் முகம் வீங்கிய வீக்கத்தில், பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை அக்கா என்னிடமே வந்து, "பூரணி உள்ளுக்கு இரிக்காளா?" என்று கேட்டா.

நீங்களும் அங்கே தேனீ வளர்ப்பதாகக் கேள்வி. அதற்காகத்தான் இந்தக் கடிதம், வேறொன்றும் நினைக்க வேண்டாம். வேலை வெட்டி இல்லாமல் கொழுத்த பூச்சிகள் சில பெட்டிக்குள் திரிகின்றன. அவை எவை?

அன்னப்பூரணி


கரடியனாறு
03.07.2005

அன்புள்ள பூரணி,

கொழுத்தவை ஆண்கள். கொட்டத் தெரியாது, பூவுக்குப் போகாது, தேனை மட்டும் குடிக்கும். தேன் குறைந்தால் மற்றவை அவற்றை இழுத்து வெளியே தள்ளிவிடும்.

பெட்டி திறக்கும்போது தேங்காய்ப் பொச்சு நாரைக் கொளுத்திப் புகை காட்டு. பதறாமல், சத்தம் போடாமல் நில். உன்னால் முடியுமோ தெரியாது.

அன்புடன்,
நல்லரத்தினம்


ஆரையம்பதி
24.07.2005

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "வெளிய தள்ளின மறுகா அந்த ஆம்பிளைத் தேனீ எங்க போகும் அம்மா?" என்று கேட்டாள். தங்கச்சி வீட்டுக்கு என்றேன்.

பூவைக் கண்டுவிட்டு வரும் தேனீ, அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று மற்றவற்றுக்கு ஆடிக் காட்டுமாமே. இத்தனை சிறிய பூச்சிக்கு, போன இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

அன்னப்பூரணி


அகதி முகாம், மட்டக்களப்பு
29.03.2007

அன்புள்ள பூரணி,

ஷெல் விழத் தொடங்கியதும் தங்கச்சி குடும்பத்தோடு நடந்து வந்துவிட்டேன். மற்றவர்கள் பானை சட்டி எடுத்தார்கள். நான் சைக்கிளில் தேனீப் பெட்டியைக் கட்டினேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதைத் திறக்கச் சொன்னான். வேண்டாம் ஐயா என்றேன். அவனே திறந்தான். எங்களுக்குப் பின்னால் வந்த ஐம்பது குடும்பத்தை அதன் பிறகு யாரும் சோதிக்கவில்லை.

முகாமில் பெட்டி வைக்க விடமாட்டார்களாம். உன் பெட்டியில் ராணி செத்துவிட்டதென்று, முகாமுக்கு வந்துபோன சீதேவிப்பிள்ளை அக்கா சொன்னா. இதில் நல்ல ராணி இருக்கிறது. இரண்டு கூட்டத்தையும் நேரே சேர்த்தால் கடித்துக் கொல்லும். நடுவில் பத்திரிகைத் தாள் வைக்க வேண்டும். அதை அரித்து முடிப்பதற்குள் ஒன்றின் வாசம் மற்றதுக்குப் பழகிவிடும். நானே வந்து செய்தால்தான் சரி.

பூரணி, என் தம்பி ஜெயரூபனைக் கடல் கொண்டுபோன பிறகு, அந்த அலைச் சத்தத்தில் என்னால் படுக்க முடியவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கம். அதனால்தான் சொல்லாமல் போனேன். இப்போதும் பயம்தான்.

நல்லரத்தினம்


ஆரையம்பதி
02.04.2007

என் அன்புள்ள உங்களுக்கு,

எங்களை வேண்டாமென்றுதான் போனீர்கள் என்று இரண்டு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. றேடியோவைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். பாட்டு முடிந்து செய்தி, செய்தி முடிந்து மரண அறிவித்தல், எல்லாம் கேட்கிறேன். மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

பெட்டியோடு வாங்க. உங்களுக்கும் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் என்னோடு விழித்திருந்து செய்தி கேட்கலாம்.

உங்கள்
பூரணி