முப்பத்து நான்கு டிகிரி

நாள் 1, காலை 8:10
நிலவின் தென்முனை, ஆய்வுக் குடில். காற்று, தண்ணீர், மின்சாரம் சரி. எழுதுவது செண்பகவல்லி, மின்பொறியாளர். இங்கே இருப்பது இருவர்தான். இன்னொருவர் என் கணவர் சங்கரபாண்டியன், உயிரியலாளர். விந்தணு உடலுக்கு வெளியே விளையுமா என்று பார்க்கும் சோதனையை இன்று தொடங்கிவிட்டார். தன் விதையிலிருந்தே கடுகளவு திசு எடுத்து வளர்ப்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். மூல செல் விந்தணுவாக எழுபத்து நான்கு நாள் ஆகுமாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. விதிமுறை என்பதால் எழுதுகிறேன்.

நாள் 11, மாலை 4:40
சூரியப் புயல். அவர் வெளியே இருந்தார். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கதிர்வீச்சுமானி காட்டிய எண்ணைப் பூமிக்கு அனுப்பினேன். இங்கே எழுத மனம் வரவில்லை. பெட்டி ஈயச் சுவருக்குள் இருந்ததால் தப்பியது.

நாள் 19, காலை 9:05
கதிர்வீச்சு பட்ட உடம்பில் கிருமி அண்டாமல் இருக்க அவர் தனியறையில் இருக்கிறார். பேச்செல்லாம் இன்டர்காமில்தான். இன்றைய ஒலிப்பதிவு:
"வல்லி, இனிமே என் உடம்புல எதுவும் உருவாகாது. பெட்டில இருக்கதுதான். நமக்குப் பிள்ளை வேணும்னா அதை நீதான் காப்பாத்தணும். முப்பத்து நாலு டிகிரி. உடம்பு ஏன் அதை வெளிய ஒரு பையில வச்சிருக்குன்னா..."
"அய்ய, போதும்! பூமில கேட்டுக்கிட்டு இருக்காங்க. என்ன செய்யணுமோ அதை மட்டும் சொல்லுங்க."
சிரித்தார். இருமினார். எண்ணை மட்டும் இன்னொரு முறை சொன்னார்.

நாள் 26, காலை 6:30
அவர் போய்விட்டார். பெட்டி 34.0.

நாள் 41, பகல் 11:20
நுண்ணோக்கிப் படம் அனுப்பினேன். பூமியிலிருந்து டாக்டர் பியூலா:
"நாப்பத்தாறு குரோமோசோம் பாதியாகி இருபத்து மூணு ஆயிருச்சு. இனி வால் முளைக்கணும். நல்லா வருதும்மா."
மீதிப் பாதி என்னுடையது. அடுத்த பயணம் முடியட்டும், அடுத்த பயணம் முடியட்டும் என்று ஏழு வருடம் தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டது நான்தான். மீட்புக் கலம் எண்பதாம் நாள் வருகிறது.

நாள் 49, பகல் 2:15
மின்கல அடுக்கு எரிந்துவிட்டது. பூமித் தொடர்பும் அறுந்தது. குடிலுக்குள் ஆறு டிகிரி. பெட்டி சில்லிடுகிறது. விண்வெளி உடைக்குத் தனி பேட்டரி உண்டு. பெட்டியிலிருந்த திசுக் குப்பியை எடுத்துத் துணியில் சுற்றி, உடைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டேன். உடம்பு 37. மூன்று டிகிரி கூடுதல்தான். உடம்பில் விளைகிறதுதானே, உடம்புச் சூடு அதை என்ன செய்துவிடும்?

நாள் 53, காலை 10:00
குப்பி வயிற்றில்தான் இருக்கிறது. வயர் மாற்றிக்கொண்டே அதோடு பேசுகிறேன். பெயர்கூடப் பார்த்துவிட்டேன். எழுத மாட்டேன், கண் பட்டுவிடும். அவர் போனபிறகு இன்றுதான் சிரித்தேன்.

நாள் 55, மாலை 5:30
மின்சாரம் வந்தது. பெட்டி 34.0. பூமியும் கிடைத்தது. ஆறு நாள் சுமந்து காப்பாற்றியதைப் பெருமையாகச் சொன்னேன். டாக்டர்:
"அம்மா... அது உடம்புச் சூடு தாங்காதும்மா. உள்ள இருந்தா கெட்டுரும்னுதான் வெளிய ஒரு பையில தனியா இருக்கு. சார் சொல்லலையா?"
சொல்ல வந்தார்.

நாள் 74
மணி பார்க்கவில்லை. இன்று விளைந்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் சொட்டு விடாமல் பார்த்தேன். பாதி முளைத்த வால்கள் உடைந்து கிடக்கின்றன. மூல செல்லும் மிஞ்சவில்லை. எதுவும் அசையவில்லை. நான்தான் கொன்றேன், மடியில் வைத்து.

நாள் 74, பிறகு
பெட்டி 34.0. உள்ளே ஒன்றுமில்லை. அணைக்க மனமில்லை.
பத்தொன்பதாம் நாள் பதிவைப் போட்டுக் கேட்கிறேன். என் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.
"...வெளிய ஒரு பையில வச்சிருக்குன்னா..."
சொல்லுங்க. கேக்கேன். சொல்லுங்க